வடசென்னை நோய்த் தரவுகளைத் தானே தேடி இணைக்கும் மென்பொருள்: எதுவரை நம்பலாம்?

கல்மண்டபம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். வடசென்னைக் குழந்தைகளின் சுவாச நோய்களுக்கும் காற்று மாசுக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வேட்டின் பொருள். புதிதாகக் கணக்கெடுக்கப் போவதற்கு முன், ஏற்கெனவே யார் யார் எதைத் திரட்டி வைத்திருக்கிறார்கள் என்று முழுமையாகப் பார்த்துவிடு என்று என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார்.

இதற்காக எங்கள் துறைக்கு ஒரு மென்பொருள் சோதனைக்கு வந்திருக்கிறது. தேடுசொற்களைக் கொடுத்தால் போதும். உலகெங்கும் உள்ள தரவுக் களஞ்சியங்களைத் தானே துழாவி, பொருத்தமான தொகுப்புகளைப் பட்டியலிட்டு, ஒன்றோடு ஒன்றை இணைத்தும் தருகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் நம்பக மதிப்பெண் உண்டு. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் காற்றுத்தர நிலையங்களின் அளவீடுகளை உடனே எடுத்து வந்துவிட்டது. அதில் குறையில்லை.

என்னை நிறுத்திவைத்தவை வேறு இரண்டு. மாநகராட்சியின் பழைய வார்டு வாரியான நோய்க் கணக்கைப் புதிய வார்டு எண்களோடு எண்ணுக்கு எண் சேர்த்திருக்கிறது. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைக் கொண்டுவந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல் வைத்திருக்கிறது. இரண்டுக்குமே உயர்ந்த மதிப்பெண். இதை எந்த அளவுக்கு நம்பலாம்? இத்துறையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் நிரலர்

முதலில் இந்த முயற்சியின் அருமையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட பப்மெட் இருக்கிறது. அந்தக் கட்டுரைகளுக்கு அடிப்படையான தரவைத் தேட அப்படி ஒன்று நெடுங்காலம் இல்லை. மரபணு வெளிப்பாட்டுத் தரவு ஓரிடத்தில், புரதக் கட்டமைப்புகள் வேறிடத்தில், மருந்துச் சோதனைப் பதிவுகள் இன்னோரிடத்தில் என்று சிதறிக் கிடந்தன. அமெரிக்காவில் நரம்பியல் துறைக்காக என்.ஐ.எஃப். என்ற தகவல் கட்டமைப்பை உருவாக்கியபோது, அதன் பகுதியாக டிஸ்கோ என்ற அமைப்பும் வந்தது. தரவு வைத்திருப்பவர் தம் தளத்தில் ஒரு விவரக் கோப்பை வைத்துவிட்டால், மைய நிரல் அதைத் தானே வந்து படித்துக்கொள்ளும். தளம் மாறினால் மாற்றத்தையும் எடுத்துக்கொள்ளும். பின்னர் டேட்டாமெட் என்ற தரவுத் தேடல் முன்மாதிரி வந்தது. 2018 செப்டம்பரில் கூகுள் தரவுத்தொகுப்புத் தேடல் வந்தது. 2020 ஜனவரியில் அது சோதனைக் கட்டத்தைத் தாண்டியபோது ஏறத்தாழ 2.5 கோடி தொகுப்புகள் அதில் தேடக் கிடைத்தன.

இவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடி மீத்தரவு. யார் எடுத்தது, எப்போது, எங்கே, எந்தக் கருவியால், எந்த அலகில், யாருக்கு எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்ற விவரங்கள்தாம் அவை. 2016இல் வெளியான ஃபேர் கொள்கைகள் கேட்பதும் இதைத்தான்: கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, மற்றவற்றோடு இயங்கத்தக்கதாக, மீண்டும் பயன்படத்தக்கதாகத் தரவு இருக்க வேண்டும், அதை மனிதர் மட்டுமல்லாமல் இயந்திரமும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

உங்கள் மென்பொருள் தேடலில் சரியாகவே இயங்குகிறது என்பது காற்றுத்தர அளவீடுகளை எடுத்து வந்ததிலேயே தெரிகிறது. இணைப்பில்தான் நீங்கள் சொல்லும் சிக்கல். அதற்காக மென்பொருளையே ஒதுக்கிவிடாதீர்கள்.

மாதவரம் புள்ளியியலாளர்

மாணவிக்கு வந்த ஐயம் மிகச் சரியானது. அந்த இரண்டு இணைப்புகளுமே தவறு. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் வடசென்னையைப் பற்றி எந்தத் தரவையும் யாரும் இணைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2011 அக்டோபருக்கு முன் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர். 155 வார்டுகள், 10 மண்டலங்கள். விரிவாக்கத்துக்குப் பின் 426 சதுர கிலோமீட்டர். 200 வார்டுகள், 15 மண்டலங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் அதுவரை தனி நகராட்சிகள். இன்று 1ஆம் வார்டு என்றால் எண்ணூர்ப் பக்கம். பழைய கணக்கில் 1ஆம் வார்டு எதுவாக இருந்தாலும் அது எண்ணூராக இருக்க வழியே இல்லை, ஏனென்றால் எண்ணூர் அன்று மாநகராட்சிக்குள் இல்லை. எண்ணும் எண்ணும் பொருந்துவதைக் கண்டு நிரல் மதிப்பெண் போட்டுவிட்டது. அனல்மின் நிலையச் சாம்பலுக்கு அருகில் வாழும் குழந்தைகளின் நோயை, நகருக்குள் வாழ்ந்த குழந்தைகளின் நோயோடு ஒரே வரிசையில் வைத்தால் என்ன முடிவு கிடைக்கும்? பத்தாண்டில் நோய் கூடியது அல்லது குறைந்தது என்று ஒரு வரைபடம் வரும். அது முழுக்கப் பொய்.

மாவட்டக் கணக்கு இன்னும் சிக்கலானது. திருவொற்றியூர் முன்பு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது திருவள்ளூருக்குப் போனது. 2018 ஜனவரியில் சென்னை மாவட்டம் மாநகராட்சி எல்லைவரை விரிந்தபோதுதான் சென்னைக்குள் வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேலே ஒட்டிய பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் நடந்தது. ஆனால் அது 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்ட எல்லைகளைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே அந்த அறிக்கையில் 'சென்னை' என்ற வரிசையில் திருவொற்றியூரும் மணலியும் இல்லை. 2021இல் வந்த தரவு என்பதால் இன்றைய சென்னையாகத்தான் இருக்கும் என்று நிரல் கருதும். மனிதர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள்.

பி.சி.ஜி. ஆய்வுக்கு வருவோம். ஏறத்தாழ 2,60,000 பேர் பங்கேற்ற அந்தப் பெரும் ஆய்வு உலகக் காசநோய் வரலாற்றில் இடம்பெற்றது. அது நடந்த களம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த, இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதி. இன்றைய செங்கல்பட்டு மாவட்டமோ 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் அத்தனை பேரையும் சென்னைக்கு மேற்கிலிருந்து தெற்கே குடியேற்றிவிட்டது உங்கள் மென்பொருள்.

பெரம்பூர் நிரலர்

நீங்கள் சொன்ன அனைத்தையும் நிரலுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். இடப்பெயர் அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று காலமும், எல்லைக்கோடும் சேர்த்துவிட்டால் போதும். அதன்பின் அது பெயரைப் பார்க்காது. அந்த ஆண்டில் அந்த எல்லைக்குள் எது இருந்தது என்று பார்க்கும். இப்படிச் செய்யாமல் விட்டது தயாரித்தவர்களின் குறை. முறையின் குறை அன்று.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று நிகழ்தகவால் முடிவெடுக்கும் கணித அடிப்படையை ஃபெல்லகி, சன்டர் என்ற இருவர் 1969இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பெயர், வயது போன்ற ஒவ்வொரு புலமும் பொருந்தினால் இவ்வளவு எடை, பொருந்தாவிட்டால் இவ்வளவு எடை. மொத்தம் ஒரு வரம்புக்கு மேல் போனால் இணை. இன்னொரு வரம்புக்குக் கீழே வந்தால் விடு. நடுவில் விழுபவற்றை மனிதர் பார்க்கட்டும். இந்த நடுப்பகுதியைத்தான் இன்றைய விற்பனை மென்பொருள்கள் மறைத்துவிடுகின்றன. மதிப்பெண்ணைக் காட்டுகிறார்கள்; அந்த மதிப்பெண் எந்தப் புலங்களால் வந்தது என்று காட்டுவதில்லை. மாணவி அதைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் அந்த மென்பொருளை இணைப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை பதிவறை

அரசு மருத்துவமனைப் பதிவறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மகளே, நீ கேட்டது நல்ல கேள்வி. தரவு என்று நீங்கள் எல்லோரும் பேசுவது பிறக்கிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் காலை நேரத்தில் வரிசை தெருவரை நிற்கும். சீட்டு எழுதுபவர் பெயர், வயது, முகவரி கேட்பார். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும் ரயிலேறி வருகிற தாய், கொருக்குப்பேட்டையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டு முகவரியைச் சொல்வாள். குழந்தைக்குத் தொடர்ந்து வைத்தியம் நடக்கிறவரை அங்கேதானே தங்கப் போகிறாள்? அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தை கொருக்குப்பேட்டைக் காற்றில் வளர்ந்த குழந்தை அன்று. உன் மென்பொருள் அந்த முகவரியை எடுத்துக் கொடுங்கையூர் நிலையத்தின் அளவீட்டோடு இணைக்கும்.

பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது. தாய் பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். அதே குழந்தை மூன்று வயதில் மூச்சிரைப்போடு வேறொரு மருத்துவமனைக்கு வரும்போது தன் பெயரோடு, தந்தையின் தலைப்பெழுத்தோடு வரும். தாய்க்கும் திருமணத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து, பின் கணவனுடையது. குடும்பப் பெயரை எதிர்பார்த்து வெளிநாட்டில் எழுதிய நிரலுக்கு இது பிடிபடாது. இந்த இரண்டையும் உறுதியாக இணைக்கக்கூடியது கர்ப்ப காலத்தில் கொடுக்கிற பிக்மி எண் ஒன்றுதான். அது பிரசவப் பதிவில் இருக்கும். குழந்தைகள் நலப் புறநோயாளி சீட்டில் அதைக் கேட்டு எழுதுவார் இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சீட்டில் சேர்த்தால், எத்தனை கோடி ரூபாய் மென்பொருளாலும் முடியாத வேலை முடிந்துவிடும்.

நோயின் பெயரும் அப்படியே. உள்நோயாளிக்கு வீடு திரும்பும்போது பன்னாட்டு நோய்க் குறியீடு போடுவோம்: ஆஸ்துமாவுக்கு ஜே45, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஜே44. புறநோயாளி சீட்டில் மருத்துவர் 'வீசிங்' என்று மட்டும் எழுதி, நெபுலைசருக்கு அனுப்பிவிடுவார். கூட்டத்தில் அவரால் அதற்கு மேல் எழுத முடியாது. அந்த ஒற்றைச் சொல்லை ஆஸ்துமா என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், சளிக் காய்ச்சலில் இரைத்த கைக்குழந்தை எல்லாம் ஆஸ்துமாக் கணக்கில் சேரும்.

கல்மண்டபம் மாணவி

ஐயா, இது எந்தப் பாடநூலிலும் இல்லாத விவரம். மிக்க நன்றி. உறவினர் முகவரியைப் பிரித்தறிய ஏதாவது வழி இருக்கிறதா?

தண்டையார்பேட்டை பதிவறை

உள்நோயாளிப் பதிவில் சில நேரம் சொந்த ஊர் தனியாக எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் நேரில் கேட்பது ஒன்றுதான் வழி. குழந்தை இந்த முகவரியில் எத்தனை மாதமாக இருக்கிறது என்று உன் படிவத்தில் ஒரு கேள்வி வை.

எண்ணூர்க் கரை

இங்கே இணைப்பின் ஆபத்துகளையே பேசுகிறீர்கள். இணைக்காததால் நாங்கள் அனுபவிப்பதையும் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. படகு, வலை, கை, கால் எல்லாம் எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். சிலர் ஒரு மருத்துவமனைக்கு, சிலர் இன்னொன்றுக்கு, பலர் எங்கும் போகாமல் உறவினர் வீட்டுக்கு. அன்று இரவு அந்தக் காற்றைச் சுவாசித்த குழந்தைகளின் நுரையீரல் இன்று எப்படி இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அந்தப் பதிவுகள் ஓரிடத்தில் சேர வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு நிரல் இருக்கிறது என்றால் அதை நாங்கள் வரவேற்கிறோம். வார்டு எண்ணில் பிழை வரும், முகவரியில் பிழை வரும் என்று சொல்லிக்கொண்டே போனால், எண்ணூரில் நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்பவர்களுக்குத்தான் அது வசதி.

இன்னொன்று. எங்கள் குப்பத்தின் பெயரைப் போட்டு, இத்தனை பேருக்கு இந்த நோய் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால், எங்கள் பெண்களுக்கு வரன் வருவதிலிருந்து எங்கள் மீனுக்கு விலை கிடைப்பதுவரை அடி விழும். ஆய்வு வேண்டும். ஆனால் எங்களிடம் கேட்டுவிட்டு, முடிவை எங்களுக்கு முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வியாசர்பாடி உயிர்த்தகவலியலாளர்

அண்ணனின் இரண்டு கோரிக்கைகளும் நியாயமானவை. இரண்டையும் சேர்த்து நிறைவேற்றும் வழிகள் இருக்கின்றன.

தரவை ஓரிடத்துக்குக் கொண்டுவராமலே கேள்வியை மட்டும் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவுகளை ஓமாப் என்ற பொதுவான தரவு வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். ஆய்வாளரின் நிரல் ஒவ்வொன்றுக்கும் போய், அங்கேயே ஓடி, கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துவரும். எந்த நோயாளியின் வரியும் வெளியே போகாது. ஓ.எச்.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்த முறையில்தான் பல நாடுகளின் பதிவுகளை ஒரே கேள்விக்கு உட்படுத்துகிறது. எண்ணூருக்கும் இது பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. ஒரே குழந்தை இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருந்தால் இருமுறை எண்ணப்படும். ஆகவே ஐயா சொன்ன அந்தப் பொது எண் இங்கேயும் தேவை.

பெயரை நீக்கிவிட்டால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றை வைத்தே தனித்து அடையாளம் காணமுடியும் என்று லதான்யா ஸ்வீனி 2000இல் காட்டினார். மரபணுத் துறையில் பீக்கன் என்ற சேவை இருக்கிறது. 'இந்த மரபுத்திரிபு உங்களிடம் உண்டா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் விடை சொல்லும். அதுகூடப் பாதுகாப்பில்லை என்று 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிறுவினார்கள்: ஒருவரின் மரபணுத்தொகை கையில் இருந்தால், போதிய கேள்விகளைக் கேட்டு அவர் அந்தத் தொகுப்பில் இருக்கிறாரா என்று கண்டுவிடலாம். நோயாளிகளின் தொகுப்பு என்றால், இருக்கிறார் என்பதே நோய் உண்டு என்று அறிவித்ததாகும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

மாணவிக்கு ஓர் எச்சரிக்கை. உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் தரவுத்தொகுப்பு கேட்டால், ஜியோ என்ற மரபணு வெளிப்பாட்டுக் களஞ்சியத்தின், ஜி.எஸ்.இ. என்று தொடங்கும் பதிவு எண்ணை அழகாகத் தரும். அந்த எண்ணைக் களஞ்சியத்திலேயே போட்டுப் பாருங்கள். வேறு ஏதோ ஆய்வு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். தானியங்கிகள் செய்யும் கேடு எவ்வளவு அமைதியாகப் பரவும் என்பதற்கு எக்செல் கதை போதும். செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதிகளாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான மரபணுவியல் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழுவே அந்தக் குறியீடுகளை மாற்றியது.

மாதவரம் புள்ளியியலாளர்

எண்ணூர்த் தம்பியின் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றில் உடன்படமாட்டேன். தவறான இணைப்பு, இணைப்பே இல்லாததைவிடக் கேடானது. பாதிக்கப்பட்டவர்களையும் படாதவர்களையும் கலந்துவிட்டால் வேறுபாடு மங்கிப்போகும். மணலியிலும் மற்ற இடத்திலும் நோய் ஒரே அளவுதான் என்று கணக்கு காட்டும். 'ஆதாரம் இல்லை' என்பவர்கள் அப்போது 'ஆய்வே நிரூபித்துவிட்டது' என்பார்கள். உங்களுக்கு எதிரான ஆயுதம் அதுதான்.

மாணவிக்கு: குடும்பநல ஆய்வின் இருப்பிடப் புள்ளிகளை மென்பொருள் காற்றுத்தர நிலையத்தோடு சேர்த்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். அந்தரங்கம் காக்க நகர்ப்புறப் புள்ளிகளை வேண்டுமென்றே இரண்டு கிலோமீட்டர்வரை நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். தண்டையார்பேட்டை வீடு வண்ணாரப்பேட்டையில் தோன்றும். மேலும் அந்த ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சுவாசத்தொற்று அறிகுறிகளைக் கேட்கிறது. ஆஸ்துமாவைப் பெரியவர்களிடம் கேட்கிறது. ஐந்து வயதைத் தாண்டிய பள்ளிப்பருவக் குழந்தைகள் இரண்டிலும் இல்லை. 'ஆஸ்துமா, சென்னை' என்று பொருந்தியதால் பட்டியலில் வந்திருக்கும்.

எண்ணூர்க் கரை

கலந்துவிட்டால் எங்களுக்கே எதிராகும் என்பது புரிகிறது, ஐயா. ஆனால் 'சரியாக இணைக்க முடியவில்லை' என்று கோப்பை மூடிவிடும் உரிமையும் யாருக்கும் இல்லை. சரியாக இணைப்பதற்கு எங்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அன்று இரவு எந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்பது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும்.

வியாசர்பாடி உயிர்த்தகவலியலாளர்

இந்த நகருக்கு அதற்கான மரபு உண்டு. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956இல் சிறிய மையமாகத் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியபோது, நெரிசலான ஏழை வீடுகளிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று 1959இல் இந்த மையம் எண்களோடு காட்டியது. உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. நோயாளியின் வீட்டை நேரில் அறிந்து எழுதிய பதிவுகள்தாம் அதற்கு வலு.

கல்மண்டபம் மாணவி

என் வழிகாட்டியோடு பேசிவிட்டேன். மென்பொருளைத் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். இணைப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, காலத்தோடு கூடிய ஓர் இடப் பட்டியலை முதலில் செய்யப் போகிறேன்: 2011க்கு முந்தைய வார்டு, இன்றைய வார்டு, நகராட்சி, 1997க்கும் 2018க்கும் முன்னும் பின்னும் மாவட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களுக்கு. முடிந்ததும் யாரும் பயன்படுத்தும் உரிமத்தில் பொதுவில் வைக்கிறேன். படிவத்தில் பிக்மி எண்ணுக்கு ஒரு கட்டமும், முகவரியில் எத்தனை மாதம் என்ற கேள்வியும் சேர்க்க நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

எண்ணூர் அண்ணா, உங்கள் பஞ்சாயத்தினரைச் சந்திக்க நேரம் வாங்கித் தர முடியுமா? கேள்விப் படிவத்தை இறுதி செய்வதற்கு முன் அவர்களிடம் காட்ட வேண்டும். விரிவாக்கத்துக்கு முந்தைய வார்டு வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

எண்ணூர்க் கரை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாருங்கள், சகோதரி. கடலுக்குப் போகிறவர்கள் அன்று கரையில் இருப்பார்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். குழந்தைகளுக்கு எப்போது இரைக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தண்டையார்பேட்டை பதிவறை

பழைய மண்டல அலுவலகம் அச்சிட்ட 155 வார்டு வரைபடம் என்னிடம் இருக்கிறது, மகளே. தெருப்பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே இருக்கிறது. ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும், எழுத்து தெளிவாக இருக்கிறது. படமெடுத்தால் மடிப்பில் இருக்கும் தெருக்கள் விடுபடும்; நேரில் வந்து விரித்து வைத்துப் படியெடுத்துக்கொள்.

பெரம்பூர் நிரலர்

படியெடுத்ததும் எனக்கு அனுப்புங்கள். எல்லைக்கோடுகளை வரைந்து, தெருவைக் கொடுத்தால் பழைய வார்டும் புதிய வார்டும் சொல்லும் நிரலை நான் எழுதித் தருகிறேன். இரு வார்டுகளின் எல்லையில் ஓடும் தெருக்களுக்கு அது விடை சொல்லாது. அவற்றைத் தனிப் பட்டியலாக ஐயாவின் பார்வைக்கு அனுப்பும்படி வைக்கிறேன்.